பல் தெரியச் சிரிக்கிற படம்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் நான்கு வருடம் வேலை செய்தேன். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. காய்ச்சல் குளிசை கேட்பவர்களோடும் புண்ணுக்குப் பூச மருந்து கேட்பவர்களோடும் எனக்கு ஒரு கரைச்சலும் இருந்ததில்லை. பல் வெள்ளையாக ஏதாவது தாருங்கள் என்று வருகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். அப்படிக் கேட்கும் ஒவ்வொருவரும் கேட்டு முடித்த கையோடு என் வாயைப் பார்ப்பார்கள்.

என் முன்பற்கள் ஆறும் அப்படி. பல் ஈறாகிய முரசோடு ஒட்டிய இடத்தில் கடும் பழுப்பு, கீழே வர வர மஞ்சள், நடுவில் குறுக்காக ஒரு சாம்பல் கோடு. சின்ன வயதில் எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். அதற்கு மாதக்கணக்கில் பருக்கிய பாணி மருந்து செய்த வேலை அது. இது எனக்குத் தெரியவந்ததே மருந்துக்கடையில் சேர்ந்த பிறகுதான். சேர்ந்த முதற் கிழமையே கடைக்காரர் என் வாயைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, உது ஊத்தை இல்லை. பல்லு முளைக்க முதலே உள்ளுக்கை ஏறின நிறம். வெளியாலை என்னத்தைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. வீணாக் கஷ்டப்படாதையும்."

நல்ல மனுசர். அவர் சொன்னது உண்மை என்பது எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்கியதால்தான் அவரில் கோபம் வந்தது. போகாது என்று தெரிந்த பிறகும் தேய்க்கிறவளுக்கு அந்த உண்மையால் என்ன பிரயோசனம்? அதற்குப் பிறகு அவரோடு பல்லைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை.

ஒருநாள் ஒரு பெண் வந்து, அலுமாரியில் இருந்த மூன்று பற்பொடிப் போத்தல்களையும் எடுத்துவைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாய்த் திறந்து மணந்து பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை மறைக்கக்கூட முயலவில்லை.

"தங்கச்சி, உதை நீர் பாவிச்சுப் பாத்தனீரோ?"

"இல்லை அக்கா, நான் ஒண்டும் பாவிக்கிறேல்லை. அதாலைதான் என்ரை பல்லு இப்பிடி."

அவள் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனாள். நான் சொன்னது முழுப் பொய். அந்த மூன்றையும் நான் மாறி மாறி ஒன்றரை வருடம் தேய்த்திருந்தேன். என் பல்லைக் காட்டியே பற்பொடி விற்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். பிறகு பலருக்கும் அதே பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சரக்குப் போனது.

அப்போது கடையில் பல்லுக்கென்று இருந்தவற்றை நினைத்தால் இன்றைக்கும் எழும்பிப் போய் வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கும். யுத்தத்தால் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். கொழும்பிலிருந்து சாமான் வருவது நின்றுபோய், வந்த ஒன்றிரண்டும் ஆனை விலை. பற்பசை வாங்குகிறவர்கள் அது முடிந்ததும் குழாயைக் கத்தரியால் வெட்டி விரித்து, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்து எடுப்பார்கள். மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. வீட்டில் இடித்துச் சலித்து, பழைய ஜாம் போத்தலில் அடைத்து, கையால் எழுதிய துண்டை ஒட்டிக் கொண்டுவந்து தருவார்கள். 'முத்துப்போல வெண்மை' என்று துண்டில் இருக்கும். எழுதியவனே அதை நம்பியிருக்க மாட்டான்.

ரோஸ் நிறப் பொடி ஒன்று இருந்தது. கிராம்பு சேர்ந்தது என்று சொல்லி விற்போம். வாயில் போட்டால் சோக்குத் தூளும் சாயமும்தான். துப்பினால் இரத்தம் துப்பியதுபோல் நிலத்தில் கிடக்கும். உதட்டோரத்திலும் நகக்கண்ணிலும் அந்த ரோஸ் நிறம் மத்தியானம் வரைக்கும் நிற்கும். அடுத்தது உமிக்கரிப் பொடி. அதைத் தேய்த்த பிறகு வாய் முழுவதும் கறுப்பு. நான்கு தரம் கொப்பளித்தாலும் பல்லிடுக்கில் ஒரு பொட்டு நிற்கும், சோற்றோடு சேர்ந்து கடைவாயில் நறநறக்கும். மூன்றாவதுதான் மோசம். கொழும்புத்துறைப் பக்கமிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்த சிப்பிப் பொடி. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு இடித்தது. சிப்பிக்குள் இருந்ததை வழித்துக் கழுவ அவருக்கு நேரம் கிடைக்கவில்லைப் போலும், மூடியைத் திறந்தாலே கருவாட்டு வாடை அடிக்கும். அதைப் போட்டுத் தேய்த்த அன்றைக்கு நான் வருகிறவர்களுக்குத் தலையை ஆட்டியே மருந்து கொடுத்தேன்.

இது கடைச் சரக்கு. இதைவிட அம்மாவின் வைத்தியம் வேறு இருந்தது. எலுமிச்சம்பழச் சாற்றில் அப்பச்சோடாவைக் கலந்து தருவா. வாய்க்குள் அது நுரைத்துப் பொங்கி மூக்கால் வரும். ஒருநாள் மாட்டெருச் சாம்பலைச் சலித்து வெள்ளைத் துணியில் பொட்டலமாய்க் கட்டிக்கொண்டு வந்து நின்றா. "சாம்பல் ஆனாப் பிறகு அதிலை என்ன அருவருப்பு?" என்று கேட்டா. நான் அதையும் தேய்த்தேன். சாம்பலில் ஒன்றும் இல்லைத்தான். ஆனால் தேய்க்கும் நேரம் முழுவதும் அது முதலில் என்னவாக இருந்தது என்பது என் நாக்குக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

என் தங்கைக்கு இந்த வேலை ஒன்றும் இல்லை. என்னைவிட ஆறு வயது இளையவள். காலையில் வாய்க்குள் விரலை விட்டு நாலு இழுப்பு இழுத்து, ஒரு மிடறு தண்ணீரால் கொப்பளித்தால் அவளுடைய பல் விளக்கல் முடிந்தது. அந்தப் பல் பளிச்சென்று இருக்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சாப்பிடும்போது வாயை மூடாமல் சிரிப்பாள், கதைக்கும்போது சிரிப்பாள், கோயிலில் தேவாரத்துக்கு நடுவிலும் சிரித்து அம்மாவிடம் குட்டு வாங்குவாள். எனக்கு அவளில் விருப்பம். அவளுடைய வாயில்தான் எனக்குப் பொறாமை.

அரியாலையில் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஐயா செத்துப் பல வருடம். எனக்கு இருபத்தேழு நடந்துகொண்டிருந்தபோது சுவிசிலிருந்த ஒருவருக்கு என்னைப் பேசினார்கள். சாதகம் பொருந்தியது. வாயை மூடிக்கொண்டு நின்று எடுத்த என் படம் ஒன்று போனது. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா தெல்லிப்பழைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து கொக்குவிலில் இருந்தா, அவதான் சைக்கிளில் வந்து சொன்னா.

"தம்பிக்கு எல்லாம் சம்மதம். பல்லுத் தெரியச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் மட்டும் அனுப்பட்டாம். அவன்ரை கூட்டாளி ஒருத்தனுக்கு வாய் மூடின படத்தை அனுப்பிப் பிறகு பிரச்சினையாப் போச்சாம். அடுத்த மாதக் கடைசியிலை எங்கடை ஆள் ஒராள் கொழும்புக்குப் போறார். அவரிட்டைக் குடுத்துவிடலாம்."

அன்றைக்கு நான் அறைக்குள் இருந்தேன். இவ்வளவும் கேட்டது.

நான் போக விரும்பினேன். இதை மழுப்பாமல் சொல்லவேண்டும். அவர் யார், எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதும், ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பதும், அந்தக் கண்ணாடி அலுமாரியும், என் வாயைப் பார்க்கும் கண்களும் எனக்கு அலுத்துப்போயிருந்தன. இங்கிருந்து போவதற்கு எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் படம். அதற்கு ஆறு கிழமை இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவிலிருந்து மாமாவின் பார்சல் வந்தது. அரை வருடத்துக்கு முன்பே அம்மா எனக்குத் தெரியாமல் தன் தம்பிக்கு என் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறா. என்ன நிறம், எத்தனை பல்லு என்று விபரமாக எழுதினாவாம். கனடாவில் எந்தெந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வாயைப் பற்றிக் கதைத்தார்களோ என்று நினைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பார்சலை ஓடிப்போய் வாங்கினது நான்தான்.

கொண்டுவந்தவர் ஒரு தூரத்து உறவுக்கார அண்ணை. கொழும்பிலிருந்து கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவர். அவர் தந்தது ஒரு பொலித்தீன் பையும் அதற்குள் மூன்று சாமானும். ஒரு குப்பியில் தண்ணீர்போல் தெளிந்த ஒன்று. ஒரு குழாயில் கண்ணாடிபோல் பசை. ஒரு சின்னச் சிமிழில் வெள்ளைக் களிம்பு. பெட்டி இல்லை, எழுத்து இல்லை. குப்பியில் லேபல் இருந்த இடத்தில் பிசின் மட்டும் ஒட்டிக் கிடந்தது.

"பெட்டியளை எல்லாம் கொழும்பிலையே எறிஞ்சிட்டன் மாமி," என்றார் அம்மாவிடம். "பெட்டியோடை எண்டால் நாலு வீட்டுச் சாமான்தான் பைக்குள்ளை கொள்ளும். பெட்டி இல்லாட்டிப் பத்து வீட்டுச் சாமான் கொண்டு வரலாம்."

"உள்ளுக்கை கடதாசி ஏதும் இருந்ததோ தம்பி? எப்பிடிப் பாவிக்கிறது எண்டு?"

"இருந்திருக்கும். அதை ஆர் பாத்தது? மிச்சமெல்லாம் தண்ணிக்கை நனைஞ்சு போச்சு."

அவரைப் பிழை சொல்ல முடியாது. அந்த நாளில் சாமான் கொண்டுவருகிற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பால்மா உறைக்குள் வரும், பெட்டி வராது. மருந்துக் குளிசை அட்டையாக வரும், துண்டு வராது. எங்கள் கடைக்கே அப்படி வந்த மருந்துகள் உண்டு. கடைக்காரர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து, மணந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நிச்சயம் இல்லாவிட்டால் விற்கமாட்டார். நான் அந்த மூன்றையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் அவர் 'வீணாக் கஷ்டப்படாதையும்' என்று சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் மூன்று பேரும் குந்தியிருந்து ஆராய்ச்சி செய்தோம். பசையை முதலில் பூசினேன். ஒரு சுவையும் இல்லை. ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்தபடி இருந்தேன். வாய்நீர் நாடியால் வடிந்து சட்டையில் விழுந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளைக் களிம்பைப் பூசினேன். பல்லில் சுவருக்குப் பெயின்ற் அடித்தமாதிரி நின்றது, ஒரு வாய்த் தண்ணீரோடு உரிந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியாகத் தெளிந்த குப்பி. மூடியைத் திறந்தால் புளிப்பும் கார் பற்றறிக்கு விடுகிற அமிலத் தண்ணீரும் கலந்த மணம். கடையிலிருந்து கொண்டுவந்த பஞ்சில் தோய்த்து முன்பல்லில் வைத்து அமத்தினேன். தங்கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போனது.

பஞ்சை எடுத்துக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பல் வெள்ளை. பளபளப்பு இல்லாத சுண்ணாம்பு வெள்ளை. சாம்பல் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. நாக்கால் தடவினால் சொரசொரத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுதேன். அம்மா குப்பியைக் கும்பிடாத குறை.

இரண்டு மணித்தியாலத்தில், பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்த பிறகு, எல்லாம் பழையபடி. பழையதைவிடக் கொஞ்சம் கூட என்றும் சொல்லலாம்.

"நேரம் காணாது போலை," என்றா அம்மா. "இன்னும் கொஞ்சம் கூட வைச்சுப் பார் பிள்ளை."

கூட வைத்தேன். காலையும் பின்னேரமும் வைத்தேன். பத்து நிமிடம், பிறகு கால் மணித்தியாலம். தேத்தண்ணீரை நிற்பாட்டினேன். ஒரு கிழமையில் முரசு எரியத் தொடங்கியது. அடுத்த கிழமை முரசிலிருந்து வெள்ளை வெள்ளையாய்த் தோல் உரிந்தது. வெந்த முட்டையின் மேல்தோல் மாதிரி ஒன்று, நாக்கால் தள்ளினால் வரும். அதை விரலால் எடுத்துக் கிணற்றடி வாய்க்காலில் போடுவேன், எறும்பு வந்து மொய்க்கும். வாயில் ஒரு நாற்றம். எனக்கே மணந்தது. சோற்றை ஆறவைத்து, உப்பும் புளியும் இல்லாமல், குழந்தைப்பிள்ளைபோல் நசித்து விழுங்கினேன். கடையில் யாராவது கிட்ட வந்தால் நான் ஓரடி பின்னால் போவேன். என்னை நான் தொடுவதற்கே எனக்கு அரியண்டமாக இருந்தது. ஆனால் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் பஞ்சைத் தோய்ப்பேன். இரண்டு மணித்தியால வெள்ளைக்காகத் தோய்ப்பேன். படம் எடுக்க இரண்டு மணித்தியாலம் போதும்.

மாமாவின் கடிதம் வேறு ஒருவர் கையில் வேறு வழியால் சுற்றி, மூன்று கிழமை பிந்தி வந்து சேர்ந்தது. சுகநலம் எல்லாம் எழுதி, நாலாவது பக்கத்தில் இப்படி இருந்தது: 'தண்ணி மாதிரி இருக்கிறதை அரை நிமிசம் மட்டும் வாயில் வைத்துத் துப்பிவிட வேணும். கூட வைத்தால் பல்லைத் தின்னும் என்று பெட்டியில் போட்டிருக்கு, கவனம். பிறகுதான் பசை. வெள்ளைக் களிம்பு எங்கேயாவது வெளிக்கிடும்போது மேலால் பூசுகிறது.' அம்மா கடிதத்தை உரத்து வாசித்தா. அந்த வரிக்கு வந்ததும் குரல் குறைந்தது. தங்கை எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சிரித்தேனென்று நினைக்கிறேன். சிரித்தபோது காற்றுப் பட்டு முன்பல் ஆறும் ஊசி ஏற்றியதுபோல் கூசி வலித்தன.

படம் எடுக்கப் போன அன்றைக்கும் காலையில் அந்தக் குப்பியைத்தான் வைத்தேன், கடிதத்தை வாசித்த பிறகும். ஸ்ரூடியோவில் மின்சாரம் இல்லை. பின்வளவில் சீலையைக் கட்டி, வெயிலில் இருத்தி, கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ தங்கச்சி, இன்னும் கொஞ்சம்," என்றார் படம் எடுத்தவர். வெயிலில் காற்று வேறு. ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத்தான் அவர் நல்ல சிரிப்பு என்று பிடித்தார்.

நாலு நாள் கழித்துப் படத்தை எடுக்கப் போனேன். அவர் யன்னலடியில் இருந்து, யாரோ ஒரு பெண்ணின் நெகட்டிவ்வை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஊசிமுனைபோல் சீவிய பென்சிலால் அதில் எதையோ மெல்ல மெல்லக் கீறிக்கொண்டிருந்தார். என் படத்தை எடுத்துத் தந்தார். பார்த்தேன். என் முகம்தான். வாய் என்னுடையது இல்லை. பல் வரிசையாக, வெள்ளையாக, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது.

"இது எப்பிடி அண்ணை?"

"நெகட்டிவ்விலை பென்சில் போட்டா, படத்திலை வெள்ளையா விழும். கலியாணப் படம் எண்டால் நான் எல்லாருக்கும் போடுறனான். பருவடையாளம், கண்ணுக்குக் கீழை கறுப்பு, பல்லு, எல்லாம். உங்கடை பல்லுக்குக் கொஞ்சம் கூடத்தான் போட வேண்டிக் கிடந்தது."

இத்தனை கிழமையாய் என் வாயை அழுகவைத்துக்கொண்டு நான் போயிருக்கிறேன், அவர் ஒரு பென்சில் துண்டால் வேலையை முடித்துவிட்டார்.  ஆனாலும் இதையும் சொல்லவேண்டும், நான் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடங்காமல் இருக்க இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைப் பார்த்து, "மருந்து வேலை செய்துதானே இருக்கு," என்றா. நான் பென்சிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படம் கொழும்புக்குப் போகும் ஆளின் கைக்குப் போனது.

சுவிசில் படம் நன்றாகப் பிடித்துவிட்டதாம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் மாப்பிள்ளை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாராம். மாப்பிள்ளையின் அக்கா ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாள் குறிக்க முன்னர் என்னை ஒருமுறை நேரில் பார்க்க வந்தா. நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உதட்டை அமத்திக்கொண்டு நின்றேன். அவ பகிடி விட்டுப் பார்த்தா, ஊர்க்கதை சொன்னா. நான் மூக்கால் சிரித்தேன். கடைசியில் படத்தை வெளியில் எடுத்தா.

"தங்கச்சி, உப்பிடி ஒருக்காச் சிரியும் பாப்பம்."

மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் வாயை வாங்க வருகிறவன்தான் திறந்து பார்ப்பான். நான் நானாகவே திறந்தேன். எவ்வளவு நேரத்துக்குத்தான் மூடிக்கொண்டு நிற்பது? பழுப்பும் மஞ்சளும் இருந்த இடத்தில் இப்போது திட்டுத் திட்டாய்ச் சுண்ணாம்பும் சேர்ந்திருந்தது. ஒரு பல்லின் ஓரம் உடைந்திருந்தது. முரசு சிவந்து, பல்லை விட்டு மேலே ஏறியிருந்தது. அவ படத்தை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் பார்த்தா. முகம் சுளித்ததை மறைக்கச் சீலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தா. வாய்நாற்றம் அவவுக்கு எட்டியிருக்க வேண்டும். கொடுத்த தேத்தண்ணீரை அவ தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் தங்கை பலகாரத் தட்டோடு வந்தாள். கால் தடக்கித் தட்டு சரிய, அவள் வழமைபோல வாயைத் திறந்து சிரித்தாள்.

ஒரு கிழமைக்குள் கொக்குவிலில் அந்த அக்காவிடமிருந்து பதில் வந்தது. 'மூத்தவளை ஏமாத்திக் கட்டிவைக்கப் பாத்தியள் எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம். இளையவளைத் தாறதெண்டால் செய்யிறம். அவவின்ரை பல்லுத் தெரியிற படம் ஒண்டு அனுப்ப வேணும், பென்சில் போடாத படம்.' பென்சில் விசயத்தை அவ எங்கேயோ விசாரித்து அறிந்திருக்கிறா.

அம்மா ஒருநாள் முழுவதும் அழுதா. அடுத்த நாள் காலை என்னிடம் வந்து, என் முகத்தைப் பாராமல், "ஒராளெண்டாலும் கரைசேரட்டும் மோனை. நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டா.

"செய்யுங்கோ," என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

தங்கை முதலில் மாட்டேன் என்றாள். அக்காவுக்குப் பேசினதை நான் செய்யமாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் எழும்பிச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கக் கண்டேன். இருபத்தொரு வருடம் கண்ணாடியில் பொட்டை மட்டும் பார்த்தவள், உதட்டை இரண்டு விரலால் விலத்திப் பிடித்துப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் போக விருப்பம் வந்துவிட்டது என்று விளங்கியது. அதில் ஒரு பிழையும் இல்லை. என்னைவிட அவள் எந்த விதத்திலும் ஆசை பிடித்தவள் இல்லை.

படம் எடுக்கப் போவதற்கு முதல் நாள் காலை, நான் கடைக்கு வெளிக்கிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, அவள் வேலிப் படலையடியில் வந்து மறித்தாள். வெயில் நேரே அவள் முகத்தில் விழுந்தது. வாயைத் திறந்து காட்டினாள்.

"அக்கா, வடிவாப் பாத்துச் சொல்லு. பென்சில் போடாட்டி என்ரை பல்லும் கொஞ்சம் மஞ்சளோ?"

பார்த்தேன். எனக்கு அப்போது பல்லைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு மறு இல்லை, ஒரு கோடு இல்லை. வெயிலில் வாய்நீர் பட்டு மின்னின. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள்.

"ஓம்," என்றேன். "கொஞ்சம் மஞ்சள்தான்."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்கு நல்லாய் இருந்தது. என் வாழ்க்கையில் நான் வாயில் போட்டுத் துப்பிய எந்தச் சாக்கடையும் அந்த ஒரு நல்லாய் இருந்ததைவிட அருவருப்பானதில்லை.

கடைக்குப் போய்விட்டேன். அந்தக் குப்பி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மணிக்கூடு பார்த்தவளே அவள்தானே. அதுவும் எனக்குத் தெரியும். பின்னேரம் வரைக்கும் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். திரும்பி ஓடிப்போய்ப் பொய் சொன்னேனடி என்று சொல்வதற்கு முழுதாக எட்டு மணித்தியாலம் இருந்தது. நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் கிணற்றடியில் குந்தியிருந்தாள். வாய்க்குள் பஞ்சு, கண் இரண்டிலும் தண்ணீர். என்னைக் கண்டதும் பஞ்சை இழுத்து எறிந்துவிட்டுக் கொப்பளித்தாள். துப்பியதில் சிவப்பாக ஒரு இழை ஓடியது. எழும்பி என் முகத்துக்குக் கிட்ட வந்து பல்லைக் காட்டினாள்.

"இப்ப எப்பிடி அக்கா?"

"நல்ல வெள்ளை," என்றேன். காலையிலும் அதே வெள்ளைதான்.